சனியைப் பக்கவாட்டில் பார்ப்பது

மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. மொட்டை மாடித் தரையில் தேங்கிய நீரில் எதிர் காண்டோ அடுக்குமாடியின் விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. அந்த வானத்துக்குக் கீழே எங்கள் ஃபிளாட் நிர்வாகக் குழுவின் செயலாளர் பாக்கியம் அக்கா குடை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரிய கறுப்புக் குடை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் காப்புறுதி முகவர் ரவி எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கொடுத்தது.

"அக்கா, மழை இல்லையே," என்றார் என் கணவர் சேகர்.

"மழைக்கா பிடிக்கிறேன்?" பாக்கியம் அக்கா மேலே பார்க்காமல் மேலே சுட்டிக்காட்டினார். "அவரு அங்கதானே இருக்காரு?"

அவர் அங்கேதான் இருந்தார். சனி. ஏறக்குறைய எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே, மங்கலான மஞ்சள் புள்ளியாக.

"கோயில்ல ஓரமா நிக்கலாம். தலைக்கு மேல இருந்தா நான் எங்க போயி நிக்கிறது, சொல்லுங்க."

கேள்வி நியாயமானது. நவக்கிரகத்தைச் சுற்றி வரும்போது சனிக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லை. அவர் பார்வை படாத இடமாகப் பார்த்து, பக்கவாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். பாக்கியம் அக்கா சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுபவர். அன்றும் சனிக்கிழமைதான். நெற்றியில் திருநீறு இன்னும் உதிரவில்லை.

அவருடைய வலது கையில் குடை. இடது கையில் மொட்டை மாடிக் கதவின் சாவி. நான் அன்று சனியைக் காட்டிவிட்டால் அந்தச் சாவி என்னிடம் இருக்கும். காட்ட முடியாவிட்டால் நிர்வாக அறை மேசைக்குள் போய்விடும். அதோடு என் தொலைநோக்கி வாழ்க்கை முடிந்துவிடும். எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகத் தெரியும் வானத்தில் மோனோரயில் மட்டும்தான் ஓடுகிறது.

குழாயும் குட்டிக் குழாயும்

நாளிதழில் துணையாசிரியராக இருந்தவரை நான் வானத்தை வானிலைக் கட்டத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்ற வரியை எத்தனை ஆண்டுகள் பக்கத்தில் வைத்தேன் என்பது எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் யோகாவுக்குப் போனார்கள். நான் தொலைநோக்கி வாங்கினேன். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த, பீரங்கி போன்ற வெள்ளைக் குழாய். அதை முதன்முதலில் லிஃப்டில் ஏற்றியபோது, வாட்டர் ஹீட்டரா என்று ரவி கேட்டார்.

பெரிய குழாயின் குறை ஒன்றுதான். அது பெரிதாகக் காட்டும், ஆனால் துளியூண்டு இடத்தை மட்டுமே காட்டும். ஐஸ் கோப்பி குடிக்கும் ஸ்ட்ராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கூரையில் ஒரு பல்லியைத் தேடிப் பாருங்கள், புரியும். அதனால்தான் பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாய் உட்கார்ந்திருக்கிறது. ஃபைண்டர் என்பார்கள். அது குறைவாகப் பெருக்கி, அகலமாகக் காட்டும். நடுவில் மெல்லிய கம்பிகள் சிலுவைபோலக் குறுக்கிட்டு நிற்கும். தேடும் பொருளை அந்தச் சிலுவையில் உட்கார வைத்தால் பெரிய குழாயிலும் அது வந்து உட்கார வேண்டும்.

'வேண்டும்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கோடு போடாததால்தான் இந்தக் கதை.

என் தொலைநோக்கியோடு இலவசமாக வந்த ஃபைண்டர் வேறு வகை. அது எதையும் பெருக்காது, ஒரு கண்ணாடித் தட்டில் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும். இருண்ட ஊர்களில் அது போதும். எங்கள் பிரிக்பீல்ட்ஸின் நகர வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் மிகக் குறைவு. அவற்றைவிடச் சிவப்புப் புள்ளி பிரகாசமாக இருந்தது. சில வாரங்கள் நான் அந்தப் புள்ளியைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதை அணைக்க மறந்து பேட்டரியும் தீர்ந்தது.

கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடை

நல்ல ஃபைண்டர் தேடி கொமுட்டர் புறநகர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். யூசுப் பாய் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்ட ஓரத்தில் அவர் குழாயை நிறுத்தி வானம் பார்ப்பதாக ஒரு நண்பர் சொல்லியிருந்தார்.

கல்லாவுக்குப் பின்னால், கைலிகள் அடுக்கிய அலமாரிக்கு அடியில் ஓர் இழுப்பறை. அதில் ஃபைண்டர்கள். ஒவ்வொன்றையும் எடுத்துத் துணியால் துடைத்து, புடவை விரிக்கும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது ஆறு முப்பது. ஆறு மடங்கு காட்டும், வாய் முப்பது மில்லி. ஒங்க ஊரு வெளிச்சத்துக்கு இது பத்தாது. இது ஒன்பது அம்பது. வாய் பெருசு, மங்கல் சாமானும் தெரியும். எடுத்துப் பாருங்கக்கா, கனம் தெரியும்."

ஒன்பது ஐம்பதில் இரண்டு வகை இருந்தன. ஒன்று நேர்க்குழல். வானத்தைத் துப்பாக்கிபோலக் குறிபார்க்க வேண்டும், படம் தலைகீழாகத் தெரியும். மற்றொன்றில் கண் வைக்கும் பகுதி செங்கோணத்தில் மடங்கியிருந்தது. பக்கத்தில் நின்று பார்க்கலாம், படமும் நேராகத் தெரியும்.

"நேர்க்குழல்தான் எடுக்கணும்," என்றார் பாய். "ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கணும். ஒரு கண்ணு குழல்ல, ஒரு கண்ணு வானத்துல. ரெண்டும் ஒண்ணா சேர்ற எடத்துல நட்சத்திரம் தானா வந்து உக்காரும். மடங்குனது வாங்குனீங்கன்னா வானத்தைத் தேடுறப்ப மூஞ்சி செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும்."

"கழுத்து, பாய்?"

"கழுத்துக்கு என்ன?"

நான் விளக்கினேன். நாம் இருப்பது பூமியின் இடுப்பில். குளிர் நாடுகளில் கோள்கள் தெற்கே தாழ்வாகப் போகும், மரியாதையாக எதிரே நின்று பார்க்கலாம். இங்கே எல்லாம் தலைக்கு மேலேயே போகின்றன. நேர்க்குழலில் உச்சியைப் பார்க்க வேண்டுமானால் குழாய்க்கு அடியில் மண்டியிட்டு, முகவாயைக் கூரைக்குத் தூக்க வேண்டும். முப்பது வருடம் மேசையில் குனிந்து பிழை திருத்திய கழுத்து அது. எதிர்த்திசையில் வளையச் சம்மதிக்கவில்லை.

"ரெண்டு நாள் வலிக்கும், பொறவு சரியாயிரும்."

"மடங்கினதையே கொடுங்க பாய்."

பொட்டலம் கட்டும்போது பிடிக்காத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர்போல முகத்தை வைத்திருந்தார். "ஒண்ணு மட்டும் கேளுங்கக்கா. பகல்லயே ரெண்டு குழாயையும் ஒரே எடத்தைப் பாக்குற மாதிரி திருகி வச்சுரணும். நல்லா தூரமா இருக்குற பொருள். அசையாத பொருள். சரியா?"

சரி என்றேன்.

தூரமான, அசையாத பொருள்

முதல் முயற்சியில் எதிர் காண்டோவின் உச்சியில் இருந்த இடிதாங்கியைத் தேர்ந்தெடுத்தேன். அது நிச்சயமாக அசையாது. ஆனால் அதற்குக் கீழே மக்கள் குடியிருந்தார்கள். பட்டப்பகலில் ஒரு வெள்ளைப் பீரங்கி தங்கள் கட்டடத்தை நோக்கி நிற்பதையும், அதன் பின்னால் ஒரு பெண்மணி திருகாணிகளைத் திருகுவதையும் அவர்கள் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அது எங்கள் ஃபிளாட்டின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையில் இருந்தவரை என் படம் எங்கும் வந்ததில்லை. வந்த முதல் படத்தில் நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அக்கா வீட்டுக்கே வந்தார். "மாலதி, நீங்க வானத்தைப் பாக்குறீங்கன்னு நான் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன பண்றது? செயலாளரு நானு. எதிர்ல கேக்குறாங்க."

"வந்து பாருங்கக்கா. எல்லாரும் வரட்டும். நான் என்ன பார்க்கிறேன்னு காட்டுறேன்."

அவர் யோசித்தார். "சனிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன். வானத்துல ஏதாச்சும் இருந்தா சாவி ஒங்ககிட்ட. இல்லைன்னா என்கிட்ட."

கட்டடங்களை நோக்கிக் குழாயைத் திருப்பக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை காலை மாடியைச் சுற்றி வந்து பார்த்தேன். பங்சார் பக்கம் தூரத்தில் ஒரு கட்டுமானத் தளம். அதன் மேல் நெடிய கிரேன் ஒன்று கை நீட்டி நின்றது. வேலை இல்லாத நாள், ஆளில்லாத கிரேன். அதன் கை நுனியில் ஒரு விளக்கு. தூரம், அசைவின்மை இரண்டும் பொருந்தின.

விளக்கைப் பெரிய குழாயின் நடுவில் வைத்தேன். கீழே போய் கோப்பி குடித்துவிட்டு வந்து, ஃபைண்டரின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகி, விளக்கைச் சிலுவையில் உட்கார வைத்தேன். மனநிறைவோடு உறையைப் போட்டு மூடினேன்.

லிஃப்டில் ஒரு தலைப்பு

அழைப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தலைப்பு போட்டே வளர்ந்த கை. மலாயிலும் ஆங்கிலத்திலும் முறையாக எழுதிவிட்டு, தமிழில் பெரிய எழுத்தில் மூன்றே சொற்கள் போட்டேன்: "சனியைக் காண வாருங்கள்!"

பத்திரிகை விதிகளின்படி குறையில்லாத தலைப்பு. சுருக்கம், தெளிவு, வினை. லிஃப்டில் ஒட்டிய மறுநாளே அதன்மேல் யாரோ ஒரு செம்பருத்திப் பூவைச் செருகியிருந்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு தாய் பிள்ளைகளைப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

"வெள்ளியைக் காட்டக் கூடாதா?" என்று சேகர் கேட்டார். "கல்யாணம், காசு, நல்ல விசயமா இருக்கும்."

"வெள்ளி இப்போ சூரியனுக்குப் பக்கத்துல. தெரியாது."

"வியாழன்?"

"நேரமாகும். அதுக்குள்ள எல்லாரும் படுத்துடுவாங்க."

"அப்ப சனிதான்," என்றார் சேகர், மருத்துவ அறிக்கை வாசிப்பவர்போல.

பாக்கியம் அக்காவுக்குக் கோள்களோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. அவருடைய மகள் கவிதா செராஸில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். பொருந்தி வருவதுபோல் வரும் ஒவ்வொரு சம்பந்தமும் செவ்வாயில் முட்டித் திரும்பிப் போகும். "நாங்க சும்மா இருந்தாலும் அவரு சும்மா இருக்க மாட்டாருலா," என்பார் அக்கா, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும் குரலில். அந்த வழக்கு ஒருபுறம் நடக்கும்போது சனியிடமும் வம்பு வாங்க அவர் தயாராக இல்லை. அதனால்தான் குடை.

மூன்று சாட்சிகள்

மீண்டும் மாடிக்கு வருவோம். லிஃப்ட் அறிவிப்பையும் மீறி இருபது பேர் வரை வந்திருந்தார்கள். யாரோ தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்தார்கள். நான் குழாயின் ஓரமாகக் கண்ணை வைத்து அதை உச்சிக்குத் திருப்பினேன். ஃபைண்டரில் பார்த்தேன். மஞ்சள் புள்ளி உள்ளே நுழைந்தது. அதைச் சிலுவையில் உட்கார வைத்தேன். கழுத்து வலிக்கவில்லை. யூசுப் பாய் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க, பாருங்க."

ரவிதான் முதல் ஆள். பெரிய குழாயின் பக்கவாட்டில் இருந்த கண்வில்லையில் கண்ணை வைத்தார். "சூப்பர்லா!" என்றார்.

அடுத்தது ஓய்வு பெற்ற தாதி மேரி ஆன்டி. "ஆமாம்மா. வளையம்கூட தெரியுது. கர்த்தரோட படைப்பே படைப்பு."

மூன்றாவதாக வந்தவர், கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது, ஆனால் அழகாக இருக்கிறது என்றார்.

நான்காவது சேகர். அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. திருமணமான முதல் வாரம் என் சாம்பாரைப் பற்றிச் சொன்னதிலிருந்தே எனக்கு அது தெரியும்.

"மாலா, ஒண்ணும் இல்லையே."

முறுக்கு கடிக்கும் சத்தம்கூட நின்றது. நான் குனிந்து பார்த்தேன். கும்மிருட்டு. ஃபைண்டரில் பார்த்தேன். சனி சிலுவையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மறுபடி பெரிய குழாய். இருட்டு.

நான் ரவியைப் பார்த்தேன். ரவி தண்ணீர் டாங்கியைப் பார்த்தார்.

"எனக்கு ஏதோ தெரிஞ்சிச்சிக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "கேட்டா தெரியலைன்னு சொல்றது மரியாதையா இருக்காதுன்னு…"

நேரில் பார்த்த மூன்று பேர் சொன்னால் எங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டுவிடுவோம். அப்படி எத்தனை போட்டோமோ என்று அப்போது எண்ணிப் பார்த்தேன்.

குடைக்குள்ளிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. "ஒண்ணுமே தெரியாத குழாயிலயா இத்தனை நாளா பாத்துக்கிட்டு இருந்தீங்க, மாலதி?" கோபமில்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து மூடினார்.

நான் யூசுப் பாய்க்குப் போன் செய்தேன். சனிக்கிழமை இரவு, கடையில் கூட்டம். பின்னணியில் யாரோ ஜாக்கெட் துணி கேட்டார்கள்.

"ரெண்டு குழாயும் ஒரே எடத்தைப் பாக்கலைக்கா. எதைப் பாத்துத் திருகுனீங்க?"

"பங்சார் கிரேன். ஞாயித்துக்கிழமை, வேலை இல்லாத நாள். அசையவே இல்லை பாய்."

நான் இதைச் சொன்னபோது சேகர் பக்கத்தில் நின்றிருந்தார். வாயில் முறுக்கோடு சிரிக்க ஆரம்பித்தார்.

"கிரேனா? லீவு நாள்ல பிரேக்கை விட்டுட்டுத்தான் போவாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் திரும்பிக்கும். இல்லைன்னா சாஞ்சிரும்லா. நீ கோப்பி குடிக்கிறப்ப அது சுத்தியிருக்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கிரேனைக் குறிபாக்குறேன்னு நீ சொல்லவே இல்லையே. நீ மாடியில சாமி கும்பிடுறேன்னு நெனச்சேன்."

போனில் பாய் இன்னும் இருந்தார். "ஆளுங்க வந்திருக்காங்களா? மேகம்னு சொல்லிருங்கக்கா. நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். …அந்த மெரூன் கலர் எடுப்பா."

மேலே ஒரு மேகம்கூட இல்லை.

செயலாளரின் பார்வையில்

மறுபடி திருகியாக வேண்டும். தூரமான, அசையாத, வெளிச்சமுள்ள பொருள் வேண்டும். காண்டோவின் தோளுக்கு மேலே, வெகு தூரத்தில், நகர நடுவில் ஒரு கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் திசையில் குழாயைத் திருப்பத் தடை இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. யார் வீடும் இல்லை, கோபுரம்தான்."

அக்கா தயங்கினார். அங்கே சனி இல்லை என்பதால் குடையோடு பக்கத்தில் வந்தார். நான் குழாயைத் தாழ்த்தினேன். கோபுரத்துக்குப் போகும் வழியில் அது காண்டோவைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அக்கா, "நில்லுங்க, நான் சரிபாக்குறேன்," என்று கண்வில்லையில் கண் வைத்தார்.

கண்ணை எடுக்கவில்லை.

"தலைகீழா தெரியுது."

"பெரிய குழாயில அப்படித்தான்க்கா தெரியும்."

"பால்கனியில துணி காயுது. ராத்திரியில துணி காயப்போடலாமா? …அந்த அம்மா புது திரைச்சீலை மாத்தியிருக்கு."

"அக்கா," என்றார் சேகர், "வாட்ஸ்அப்ல கம்ப்ளெய்ன் வரும்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். இருட்டிலும் அவர் வெட்கப்பட்டது தெரிந்தது. "கோபுரத்துக்குப் போங்க, மாலதி," என்றார், ஏதோ நான்தான் வழியில் நின்றதுபோல.

சிவப்பு விளக்கைப் பெரிய குழாயில் நடுவில் வைத்தேன். கோப்பிக்குப் போகாமல், அங்கேயே நின்று, ஃபைண்டரைத் திருகி அதே விளக்கைச் சிலுவைக்குக் கொண்டுவந்தேன். திரும்ப உச்சிக்குப் போனேன். மஞ்சள் புள்ளி. சிலுவை. இந்த முறை யாரையும் கூப்பிடுவதற்கு முன் நானே பார்த்தேன்.

இருந்தார்.

அந்த ஆண்டு வளையம் நம் பக்கம் விளிம்பைக் காட்டி நின்றதால் அகலமாகத் தெரியவில்லை. சின்னப் பொன்னிற உருண்டை, அதன் இருபுறமும் ஊசிபோல நீளும் ஒரு கோடு. சேகரைக் கூப்பிட்டேன். சாட்சி எனக்கு முக்கியம்.

"குச்சியில குத்துன மீன் உருண்டை மாதிரி இருக்கு."

"சனிக்கிழமையும் அதுவுமா மீனைப் பத்திப் பேசாதீங்க, சேகர்," என்றார் பாக்கியம் அக்கா. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நெசமாவே இருக்காரா?"

"இருக்காருக்கா. வந்து பாருங்க."

"நான் நேருக்கு நேரா பாக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எந்த விற்பனைப் பட்டியலிலும், எந்தப் பாயின் வாயிலும் வராத காரணம். "நேரா பார்க்க வேண்டாம்க்கா. ரெண்டு குழாயும் பக்கவாட்டுலதான். நீங்க தண்ணி டாங்கியைப் பார்த்து நிப்பீங்க. அவரு மேல இருப்பாரு. நடுவுல கண்ணாடி."

"கோயில்ல நிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அவரு கண்ணுக்கு நான் தெரிய மாட்டேனே?"

இதற்கு மறுதரப்பின் கருத்தைப் பெற முடியவில்லை. "குடை இருக்குல்ல," என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையில் வெறுங்காலோடு, குடையைத் தோளில் சாய்த்து, தண்ணீர் டாங்கியைப் பார்த்து நின்றார். முதலில் ஃபைண்டர். "புள்ளி" என்றார். பிறகு கண்வில்லை. நெடுநேரம் பார்த்தார். பின்னால் வரிசை காத்திருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

"இவ்ளோதானா இருக்காரு," என்றார் கடைசியில். "ஏழரை வருசம் என்னைப் போட்டுப் படுத்துனவரு இவரா?"

இன்னும் பார்த்தார்.

"பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ஒத்தையா நிக்கிறாரு, பாவம்."

நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வில்லையில் வெகுநேரம் கண் வைத்தால் நீர் வருவது வழக்கம்தான். ரவியும் மேரி ஆன்டியும் மறுபடி பார்த்தார்கள். இந்த முறை ரவி "சூப்பர்" என்று சொல்லவில்லை, "ஐயோ" என்றார். அதை நான் நம்பினேன்.

எல்லாரும் இறங்கும்போது பாக்கியம் அக்கா கதவருகே நின்றார். கைப்பையின் வாயைத் திறந்தார், ஆனால் சாவியை எடுக்கவில்லை.

"மாலதி, இதுல செவ்வாயும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்ப வருவாரு?"

"இப்போ சூரியன் பக்கம் போயிட்டாரு. சாயங்கால வானத்துக்கு வந்து நல்லா தெரிய ஒரு வருசத்துக்கு மேல ஆகும்."

அக்கா தலையசைத்தார். கவிதாவின் ஜாதகம் திரும்பி வந்த வீடுகளை அவர் மனத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்திருக்க வேண்டும். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"அதுவரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும். தொலைச்சிராதீங்க. வந்த அன்னிக்கே என்னைக் கூப்பிடுங்க. அவருகிட்ட நேரா நின்னே ரெண்டு வார்த்தை கேக்கணும்."

படியிறங்கிப் போனார். குடை மாடியிலேயே, தண்ணீர் டாங்கியில் சாய்ந்தபடி கிடந்தது.